வாகைக்குளத்துக்கும் கமலாபுரத்துக்கும் தூரம் எவ்வளவு?



சென்ற ஆண்டு எங்கள் ஆச்சி இறந்த அன்று என் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், வீட்டிலேயே முதல் முதலாகப் படிக்கிறவன், பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்தப் பதிலைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் வல்லநாடு பக்கம், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிராமம். அப்பாவுக்கு வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். எங்கள் வீட்டிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அண்ணன் தங்கியிருக்கும் அறையிலிருந்து சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரம் இன்னும் பக்கம். இந்த முனையில் ஒரு விமான நிலையம், அந்த முனையில் ஒரு விமான நிலையம். இரண்டு வீட்டுக்கும் மேலேதான் விமானம் போகிறது.

ஆச்சி காலை ஒன்பது மணிக்குக் கண்ணை மூடினார்கள். பத்து மணிக்கு அண்ணனுக்குப் போன் போட்டோம். மூத்த பேரன் அவன். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டியவன். "எப்படியும் வந்துருவேன், வச்சிருங்க" என்று அழுதான். ஊர்ப் பெரியவர்கள் நாலு மணி என்றார்கள், ஐந்து என்றார்கள். "பொழுது அடையதுக்குள்ள எடுத்துரணும்யா" என்று கடைசியில் ஆறு மணிக்கு எடுத்துவிட்டார்கள். நெய்ப்பந்தத்தை நான் பிடித்தேன். அண்ணன் வந்து சேரும்போது இரவு மணி பத்து. யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அப்பா கேட்டார்கள். "ஏல, இங்கயும் ஏரோப்ளேன் எறங்குது, அங்கயும் எறங்குதுங்கான். ஒரு மணி நேரத்துல வந்துரலாமாம்லா? பெறவு ஏன் இவனுக்கு பன்னெண்டு மணி நேரம் ஆச்சு?"

வானத்துக் கணக்கு

அப்பாவிடம் "ஒரு மணி நேரம்" என்று சொன்னது எங்கள் மாமா மகன். அவன் செல்போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டியிருக்கிறான். இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் இவ்வளவு என்று வந்திருக்கிறது. அவன் சொன்னது பொய்யல்ல. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மில் எவரும் போடலாம்.

தூத்துக்குடி விமான நிலையம் வட அட்சம் 8 டிகிரி 43 நிமிடத்தில் இருக்கிறது. சேலம் விமான நிலையம் 11 டிகிரி 47 நிமிடத்தில் இருக்கிறது. தீர்க்கரேகை இரண்டுக்குமே 78 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல்தான். அதாவது வாகைக்குளத்தில் நின்று மூக்குக்கு நேரே வடக்கே கோடு இழுத்தால் அது கமலாபுரத்துக்குப் போய்விடும். இரண்டு இடத்திலும் உச்சிப் பொழுது ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்! அட்ச வித்தியாசம் 3 டிகிரி 4 நிமிடம். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 340 கிலோமீட்டர்.

இந்த மாதிரிச் சிறிய நிலையங்களுக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்ற, விசிறி வைத்த விமானம். எழுபது பேருக்குச் சற்றுக் கூடுதலாக உட்காரலாம். நல்ல வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் போகும். 340-ஐ 500-ஆல் வகுத்தால் 41 நிமிடம். ஓடுபாதையில் ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைப்பது, திரும்பி வரிசைக்கு வருவது என்று இருபது, இருபத்தைந்து நிமிடம் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

ஆனால் அந்தச் செல்போன் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த வழியில் விமானமே கிடையாது!

சேலத்தில் ஏறி வாகைக்குளத்தில் இறங்க வேண்டுமானால் சென்னை மாதிரி ஒரு பெரிய நிலையத்துக்குப் போய் மாற வேண்டும். சேலத்திலிருந்து சென்னை வான்வழியில் ஏறக்குறைய 265 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தூத்துக்குடி 530 கிலோமீட்டர். ஆக 795. தெற்கே 340 கிலோமீட்டர் போக வேண்டியவன், வடகிழக்கே போய், அங்கிருந்து இரண்டு மடங்குக்கு மேல் சுற்றி வருகிறான். மூக்கைச் சுற்றித் தொடுவது என்பார்களே, அது இதுதான். பறக்கும் நேரம் மட்டுமே இரண்டரை மணி நேரம். அதற்கு முன்னால் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம், நடுவில் சென்னையில் அடுத்த விமானம் கிளம்புகிற வரை காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு இரண்டு மணியாகவும் இருக்கலாம், அரை நாளாகவும் இருக்கலாம். விமானம் நம் வீட்டுத் துக்கத்தின் நேரம் பார்த்துப் புறப்படாது.

தரைக் கணக்கு

சரி, அண்ணனுடைய பன்னிரண்டு மணி நேரம் எங்கே போயிற்று? காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவனையே உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

போன் வந்தது காலை 10 மணி. பட்டறை முதலாளி வந்து சம்பளத்தில் முன்பணம் வாங்கும்போது 11 மணி. ஓமலூரிலிருந்து சேலம் புதிய பேருந்து நிலையம் போய் மதுரை பஸ் கிளம்பும்போது 11.45. நாமக்கல், கரூர், திண்டுக்கல் தாண்டி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மாலை 5.15. சேலத்துப் பஸ் வந்து நிற்பது ஆரப்பாளையம். நெல்லைப் பஸ் கிளம்புவது மாட்டுத்தாவணி. ஒன்று ஊருக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். டவுன் பஸ்ஸுக்கு நின்று, நெரிசலில் ஊர்ந்து, மாட்டுத்தாவணியில் நெல்லைப் பஸ்ஸில் உட்காரும்போது 6.15. அந்த நேரம் இங்கே ஆச்சியைத் தூக்கிவிட்டோம். நெல்லை புதிய பேருந்து நிலையம் 9.15. தூத்துக்குடிப் பஸ் பிடித்து, வல்லநாட்டில் இறங்கி, வீட்டுக்கு வரும்போது 10.

நண்பர்களே, இதைச் சற்று உற்றுப் பாருங்கள். சேலத்திலிருந்து தூத்துக்குடி வரை பறக்க 41 நிமிடம் என்று கணக்குப் போட்டோம். என் அண்ணனுக்கு மதுரையில் ஒரு பஸ் நிலையத்திலிருந்து இன்னொரு பஸ் நிலையத்துக்குப் போய் ஏறுவதற்கு 60 நிமிடம்! நடுவில் உள்ள தூரம் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்.

லேத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இது புரியும். நாம் பரீட்சையில் கணக்குப் போடுகிறோம்: 200 மில்லிமீட்டர் நீளத் தண்டு, ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் ஃபீடு, நிமிடத்துக்கு 500 சுற்று. கடைசல் நேரம் எவ்வளவு? 2 நிமிடம் என்று எழுதினால் முழு மார்க். அண்ணன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரெண்டு நிமிஷந்தாம்ல உளி ஓடும். ஆனா ஜாப்பை சக்கில மாட்டணும், சென்டர் பாக்கணும், உளி வைக்கணும், நடுவுல நிறுத்தி அளவு பாக்கணும், கழத்தணும். ஒரு பீசுக்கு கால் மணி நேரம் ஆவும். மொதலாளி காசு குடுக்கது பீசுக்கு, ரெண்டு நிமிஷத்துக்கு இல்ல."

விமானத்தின் 'பறக்கும் நேரம்' என்பதும் உளி ஓடுகிற இரண்டு நிமிடம்தான். மாட்டுவதும் கழற்றுவதும் அதில் சேராது. நம்மைப் போன்றவர்களுக்குத் தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல, பறக்கும் நேரமும் அல்ல. நம் வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து போகிற வீட்டு வாசலில் கழற்றுகிற வரை ஆகும் நேரம்தான் தூரம். அதைக் கூட்டுவது வண்டியின் வேகக் குறைவு அல்ல. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் உள்ள மூட்டுகள். இதுவே என் கருத்து.

வந்தன, போயின

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன் எதிர்த்தான். "முதலில் விமானம் வரட்டும்டா. பெரிய ரன்வே, பெரிய டெர்மினல் வந்தாச்சு. மற்றதெல்லாம் தானாக வரும்" என்றான்.

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. தூத்துக்குடியில் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று பிரதமரால் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும் கட்டடம். பெரிய ஜெட் விமானங்களும் இனி இறங்கலாம். நம் பகுதிக்கு இது பெருமைதான். உப்பும் மீனும் துறைமுகமும் உள்ள மாவட்டத்துக்கு இது தேவையும்கூட.

ஆனால் சேலத்தின் கதையைப் பாருங்கள். அங்கே விமான நிலையம் 1990களிலேயே வந்துவிட்டது. கொஞ்ச காலம் விமானம் ஓடியது, நின்றது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நின்றது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் உடான் திட்டத்தில் மறுபடியும் சேவை தொடங்கியது. ஓடுபாதை அதே இடத்தில்தான் இருந்தது. விமானம்தான் வருவதும் போவதுமாக இருந்தது. எழுபது இருக்கைகளும் தினந்தோறும் நிரம்பாவிட்டால் எந்தக் கம்பெனியும் நஷ்டத்துக்கு ஓட்டாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

2016-ல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம் இதற்காகத்தான் வந்தது. சிறிய ஊர்களை இணைக்கிற விமானத்தில் ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஆரம்பத்தில் வைத்தார்கள். கம்பெனிக்கு ஏற்படும் பள்ளத்தை அரசு மூன்று வருஷத்துக்கு நிரப்பும். ரப்பர் செருப்புப் போட்டவரும் பறக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்று வருஷம் முடிந்த பிறகு? ரப்பர் செருப்புப் போட்டவன் பழையபடி ஆரப்பாளையத்தில் நிற்கிறான்.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரையில் வழி இல்லாத இடத்தில் விமானம்தான் பாலம். ஸ்காட்லாந்து நாட்டின் ஆர்க்னி தீவுகளில் இரண்டு தீவுகளுக்கு நடுவே மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்துக்குத் தினசரி விமானம் ஓடுகிறது. நேரம் இரண்டே நிமிடம்! நடுவில் கடல் இருப்பதால் அது ஆடம்பரம் அல்ல, அவசியம். நமக்குப் பக்கத்திலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது. வாகைக்குளத்திலிருந்து பலாலி வான்வழியில் 250 கிலோமீட்டர்தான்; சேலத்தை விடப் பக்கம். அங்கே போக விமானம் கேட்டால் அர்த்தம் உண்டு. ஆனால் நெல்லைக்கும் சேலத்துக்கும் நடுவில் கடலா இருக்கிறது? நல்ல ரோடும் தண்டவாளமும் அல்லவா இருக்கின்றன!

வெள்ளம் சொன்ன பாடம்

தரை வழி எவ்வளவு பெரிது என்பதை நம் பள்ளத்தாக்குக்கு 2023 டிசம்பர் மாதம் சொல்லிக் கொடுத்தது. 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை தெரியாமல் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய், கம்பிகள் அந்தரத்தில் தொங்கின. அதில் ஏறத்தாழ எண்ணூறு பேர் இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நெல்லை முப்பது கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தைக்கூடக் கடக்க முடியாமல் அவர்கள் நாட்கணக்கில் தவித்தார்கள். வானத்திலிருந்து ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். புண்ணியம்தான். ஆனால் பெரும்பாலானவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது தரை வழிதான்.

அதேபோல் வல்லநாட்டு ஆற்றுப்பாலத்தில் ஓட்டை விழுந்து, ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு, எல்லா வண்டியையும் மறு பக்கத்தில் விட்ட நாட்களை நெல்லை–தூத்துக்குடி பஸ்ஸில் வரும் நம் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விமான நிலையத்துக்குப் போகிற காரும் அதே பாலத்தில்தான் நின்றது. வானத்துக்குப் போகும் வழியும் தரையில்தான் ஆரம்பிக்கிறது!

நாம் கேட்க வேண்டியது

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது மாணவனுக்கு அழகல்ல. என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, மூட்டுகளைச் சரி செய்ய வேண்டும். சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மில்லிலும் பட்டறையிலும் இருக்கிறார்கள். அங்கிருந்து நெல்லைக்கு இரவில் மட்டுமல்லாது பகலிலும் போதுமான நேர்பேருந்துகள் வேண்டும். மதுரையில் இரண்டு பஸ் நிலையங்களுக்கும் நடுவே, மூட்டை முடிச்சோடு வருகிறவன் ஏறிப் போக, நிற்காமல் ஓடும் இணைப்புப் பேருந்து வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. ஒரு நேர அட்டவணை போதும்.

இரண்டாவது, ரயில். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 2013-ல் புதிய பாதை வந்தது. அதனால் ஈரோட்டைச் சுற்றும் சுற்று குறைந்தது. இன்று பெங்களூரிலிருந்து நாகர்கோவிலுக்கு அந்த வழியாகத் தினசரி ரயில் வருகிறது; ஆனால் இரவு ரயில். 2024 ஆகஸ்டில் தொடங்கிய பெங்களூர்–மதுரை வந்தே பாரத் சேலத்துக்கு மாலையில் வந்து, மதுரையோடு நின்றுவிடுகிறது. காலையில் சேலத்தில் ஏறி, பொழுது சாய்வதற்குள் நெல்லையில் இறங்க, சாதாரணப் பெட்டிகளோடு தினசரி ஒரு பகல் ரயில் விட்டால் என் அண்ணனைப் போன்ற ஆயிரம் பேருக்குத் தூரம் பாதியாகும்.

மூன்றாவது, கட்டிய விமான நிலையம் நமக்கும் பயன்பட வேண்டும். நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒவ்வொரு விமானத்தின் நேரத்துக்கும் ஒத்து, முனையத்தின் வாசல் வரை அரசுப் பேருந்து வர வேண்டும். கார் வைத்திருப்பவனுக்கு மட்டும் பக்கமாக இருக்கும் விமான நிலையம் மற்றவனுக்குத் தூரம்தான்.

இவை மூன்றும் நடந்த பிறகு நான்காவதாகச் சேலத்துக்கு நேர் விமானமும் வரட்டும். வந்தால் மகிழ்ச்சி. அதை நம்பி மற்ற மூன்றையும் தள்ளிப் போடக்கூடாது.

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் நாளை சாலைப் பணியிலும், ரயில்வேயிலும், பஸ் பணிமனையிலும், ஏன், விமான நிலையத்திலும் வேலைக்குப் போவோம். அன்று நம் முன்னால் ஒரு வரைபடத்தை விரித்து "இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் தூரம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஸ்கேலை எடுத்து அளந்துவிடாதீர்கள். எந்த வாசலிலிருந்து, எந்த வாசலுக்கு, யார் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

என் அப்பாவுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். "யப்பா, பறந்தா நாப்பத்தொரு நிமிஷந்தான். ஆனா அண்ணன் பறக்கல, ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் நின்னான்." அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிக்கத நிறுத்த முடியுமால?" என்று கேட்டார்கள்.

முடியும் என்றே நினைக்கிறேன். சிந்திப்போம், நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு